வராதவர்களையும் கேளுங்கள்: இளையோர் திட்டங்களை மானுடவியல் கண்ணோடு மதிப்பிடுவது எப்படி?

ஓர் இளையோர் மையத்தின் ஆண்டறிக்கை உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 பேர் பதிவு செய்தார்கள், 90 பேர் பயிற்சியை முடித்தார்கள், முடித்தவர்களில் பெரும்பாலோர் 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்கள். கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் படித்து முடித்தபின் ஒன்றும் தெரிந்துகொண்டதாகத் தோன்றாது. அந்த 90 பேர் எதற்காக வந்தார்கள்? பயிற்சிக்கா, நண்பர்களைப் பார்க்கவா, மாலையில் வீட்டில் இருக்கப் பிடிக்காமலா? பாதியில் நின்ற 30 பேர் என்ன ஆனார்கள்? அதே தெருவில் இருந்துகொண்டு மையத்தின் வாசலை ஒரு நாளும் மிதிக்காத பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம் எப்படித் தெரிகிறது?

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு மானுடவியல் நல்ல கருவி. இந்தக் கட்டுரை மானுடவியல் படித்தவர்களுக்காக எழுதியதல்ல. ஒரு திட்டத்தை மதிப்பிடும் பொறுப்பு திடீரென்று தலையில் விழுந்திருக்கும் பணியாளர், தன்னார்வலர், முதுகலை மாணவர் ஆகியோருக்காக.

கருவியைப் பற்றிக் கொஞ்சம்

மானுடவியலாளர் ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1915-க்கும் 1918-க்கும் இடையில் இரண்டு தடவையாக, பாப்புவா நியூகினியை ஒட்டிய டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்தார். அந்த மக்களின் நடுவிலேயே கூடாரம் போட்டு, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களுடைய அன்றாடத்தை எழுதி வைத்தார். அவருக்குப் பின் வந்த களப்பணியாளர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அந்த வழியில் நடப்பவர்கள்தான். அதிலிருந்து நமக்கு வேண்டியது ஒரே ஒரு பாடம்: மனிதர்கள் செய்வது ஒன்று, செய்வதாகச் சொல்வது இன்னொன்று, செய்ய வேண்டும் என்று நினைப்பது மூன்றாவது. படிவத்தில் கேட்டால் இரண்டாவதும் மூன்றாவதும் கிடைக்கும். முதலாவதைப் பார்க்க அங்கே போய் இருந்தாக வேண்டும்.

நம் வேலைக்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வில்லியம் ஃபூட் வைட் என்ற இளைஞர், 1930-களின் பிற்பகுதியில், பாஸ்டன் நகரில் இத்தாலியக் குடியேறிகள் நிறைந்திருந்த ஒரு பகுதியில் சுமார் மூன்றரை ஆண்டு தங்கி ஆய்வு செய்தார். 1943-இல் அது நூலானது. அந்தப் பகுதியில் இளைஞர்களுக்கென்று ஒரு சமூக மையம் இருந்தது. உழைப்பாளிகள், நல்லெண்ணம் கொண்டவர்கள்தான் அதை நடத்தினார்கள். ஆனால் அங்கே போனவர்கள் பெரும்பாலும் படித்து மேலே போகத் துடித்த பையன்கள். தெருமுனையில் கூடி நின்ற பையன்கள் ஒட்டவில்லை. மையத்தின் பணியாளர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், அவர்கள் பேச்சும் எதிர்பார்ப்பும் வேறு ஒரு வர்க்கத்துடையவை, அந்தப் பகுதியின் சொந்த ஒழுங்கு அவர்கள் கண்ணில் படவே இல்லை என்பதை வைட் காட்டினார். 'ஒழுங்கற்ற கூட்டம்' என்று வெளியார் நினைத்த தெருமுனைக் குழுவுக்குள் தலைமையும் கடமையும் கடனும் துல்லியமாக இயங்கிக்கொண்டிருந்தன. அந்த மையத்தின் வருகைப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் இது தெரியவராது. வராதவன் பெயர் பதிவேட்டில் இருக்காதே.

கேள்வியைச் சுருக்குங்கள்

மதிப்பீட்டைக் கேட்டது யார், அதை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிதியைத் தொடர்வதா? நேரத்தை மாற்றுவதா? வேறு இடத்தில் இன்னொரு மையம் திறப்பதா? முடிவு தெரியாமல் களத்தில் இறங்கினால் எல்லாமே சுவாரசியமாகத் தெரியும், எதையும் விட மனம் வராது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'இந்தத் திட்டத்தால் வேலை கிடைத்தவர்கள் எத்தனை சதவீதம் கூடினார்கள்' என்ற கேள்விக்கு மானுடவியல் தனியாகப் பதில் சொல்லாது. அதற்கு ஒப்பீட்டுக் குழுவும் (திட்டத்தில் சேராத, மற்றபடி ஒத்த நிலையில் உள்ளவர்கள்) எண்களும் வேண்டும். யாருக்கு வேலை செய்கிறது, யாரைத் தள்ளிவிடுகிறது, எந்த வழியாக, திட்டம் எழுதியவர் நினைத்ததும் பிள்ளைகள் அனுபவிப்பதும் எங்கே பிரிகின்றன: இவைதான் நம் பக்கத்துக் கேள்விகள். இரண்டையும் கலந்து வாக்குக் கொடுத்துவிட்டு முழிப்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டு அல்லது மூன்று கேள்விகள் போதும்.

அனுமதி

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு பழகப் போகிறீர்கள். பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். அதோடு நின்றுவிடாமல் அந்தப் பிள்ளையின் சொந்தச் சம்மதத்தையும் தனியாகக் கேளுங்கள். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. கருத்துச் சொல்லாமல் விலகும் உரிமையும் அதோடு சேர்ந்ததுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக ஒரு பெண் உங்கள் முன் உட்கார்ந்து விரலைப் பிசைந்துகொண்டிருந்தால், அது சம்மதமாகாது.

'நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். யாரிடம், எப்படி என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே மையத்தோடு பேசி முடிவு செய்துவிட்டு, அந்த எல்லையைப் பிள்ளையிடம் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குறிப்புகளில் புனைபெயர் மட்டும். எந்தப் புனைபெயர் யாருடையது என்ற பட்டியலைத் தனித் தாளில், வேறு இடத்தில் வையுங்கள். சின்ன இடங்களில் புனைபெயர் மட்டும் காப்பாற்றாது என்பதும் நினைவிருக்கட்டும். 'ஒரு காலை இழுத்து நடக்கும், கிதார் வாசிக்கும் பதினாறு வயதுப் பையன்' என்று எழுதினால் அங்கே எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும்.

உள்ளே நுழைவது

உங்களை அறிமுகப்படுத்துபவர் யாரோ, அவருடைய ஆளாகவே பிள்ளைகள் உங்களைப் பார்ப்பார்கள். பொறுப்பாளர் தோளில் கைபோட்டு அழைத்துவந்தால் நீங்கள் மேலிடத்து ஆள். தவிர்க்க முடியாது, ஆனால் சரிசெய்யலாம். அலுவலக அறையில் உட்காராதீர்கள். பணியாளரின் நாற்காலியில் உட்காராதீர்கள். நாற்காலிகளை அடுக்குவது, பந்தை எடுத்துத் தருவது போன்ற சின்ன வேலைகளில் கலந்துகொள்ளுங்கள். ஆனால் யாரையும் கண்டிக்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முறை 'சத்தம் போடாதே' என்று சொல்லிவிட்டால் அன்றோடு நீங்கள் ஆசிரியர்.

மையத்தார் உங்களிடம் பேசச் சொல்லி அனுப்பும் முதல் மூன்று பேரும் அவர்களுடைய வெற்றிக் கதைகளாகத்தான் இருப்பார்கள். பேசுங்கள், நன்றி சொல்லுங்கள், நான்காவது ஆளை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

பார்ப்பதும் எழுதுவதும்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

வகுப்பு நடக்கும் ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். தொடங்குவதற்கு அரை மணி முன்பும் முடிந்து அரை மணி பின்பும் அங்கே இருங்கள். யார் யாரோடு வருகிறார்கள், யார் தனியாக, வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், யார் முதலில் கிளம்புகிறார்கள், யார் விளக்கை அணைக்கும்வரை போகாமல் சுற்றுகிறார்கள். கடைசி வரை போகாத பிள்ளைக்கு அந்த இடம் பயிற்சிக்கூடத்தைவிடப் பெரிய ஏதோ ஒன்று. அது என்ன என்று தெரிந்துகொண்டால் அறிக்கையின் ஒரு பகுதி கிடைத்துவிட்டது.

முதல் வாரத்தில் இடத்தின் வரைபடம் ஒன்றைக் கையால் வரையுங்கள். கதவு, ஜன்னல், கழிவறை, பணியாளர் உட்காரும் இடம். பிறகு வெவ்வேறு நாட்களில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறித்துவாருங்கள். பெண்பிள்ளைகள் எல்லோரும் கதவோரம், பையன்கள் எல்லோரும் கணினியோரம் என்று நான்கு நாளும் விழுந்தால், 'கணினி எல்லோருக்கும் பொது' என்ற அறிக்கை வாக்கியத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு கேள்வி பிறக்கும்.

இனிக் குறிப்பு. புதியவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்: 'பிள்ளைகள் ஆர்வமாக இருந்தார்கள். ஒரு பையன் மட்டும் ஈடுபாடு காட்டவில்லை.' இது தீர்ப்பு. ஆறு மாதம் கழித்து இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதே காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள்:

'5.10. வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம். நீலச் சட்டைப் பையன் வாசற்படியில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பயிற்றுநர் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "இதோ வர்றேன்" என்றான், வரவில்லை. 5.25-க்குத் தெருவில் ஹாரன் சத்தம். திரும்பிப் பார்த்தான். 5.40-க்கு உள்ளே வந்து கடைசியில் உட்கார்ந்தான். பை தோளைவிட்டு இறங்கவில்லை.'

இதில் ஈடுபாடு என்ற சொல்லே இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று இருக்கின்றன. ஹாரன் யாருடையது, பையை ஏன் இறக்கவில்லை, வாசலில் நின்ற அரை மணி நேரம் எதற்கு.

கண் இமை துடிப்பதும் கண் சிமிட்டுவதும் பார்வைக்கு ஒன்றுதான், பொருளில் வேறு வேறு என்ற, தத்துவவாதி கில்பர்ட் ரைலின் எடுத்துக்காட்டை, மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973-இல் மானுடவியலுக்குள் கொண்டுவந்து பிரபலமாக்கினார். அசைவை மட்டும் பதிவது மெலிந்த விவரிப்பு. அது அங்கே, அவர்களுக்குள் என்ன பொருள் தருகிறது என்பதையும் சேர்ப்பது அடர் விவரிப்பு. நீலச் சட்டைப் பையன் துடித்தானா, சிமிட்டினானா என்பதை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பார்த்தது, எனக்குத் தோன்றியது, கேட்க வேண்டியது. தோன்றியதை எழுதுவது தவறில்லை, பார்த்ததோடு கலப்பதுதான் தவறு.

அங்கே இருக்கும்போது நாலு சொல் கிறுக்கிக்கொள்ளுங்கள். அன்று இரவே விரித்து எழுதுங்கள். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும், மீதியை மனம் தன் இஷ்டத்துக்கு ஒழுங்குபடுத்திவிடும். ஒரு மணி நேரம் பார்த்ததை விரித்து எழுத அதைவிட அதிக நேரம் பிடிக்கும் என்று திட்டமிடுங்கள்.

பேச்சு

நான் முதன்முதலில் இந்த வேலைக்குப் போனபோது நாற்பது கேள்விப் படிவம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பெண் பாதி நிரப்பிவிட்டுத் தலைநிமிர்ந்து, 'எது சரியான பதில்னு சொல்லிடுங்க, அதையே போட்டுடறேன்' என்றாள். அவள் கேலி செய்யவில்லை. படிவம் என்றால் பரீட்சை என்றுதான் அவளுக்குத் தெரியும்.

வைட்டுக்கும் இதே அடி விழுந்தது. அவருக்கு வழிகாட்டியாக இருந்த தெருமுனைத் தலைவர் ('டாக்' என்று புனைபெயர்), யார், என்ன, ஏன் என்று துளைக்காதே, சும்மா கூட இரு, கேட்காமலே பதில் வரும் என்ற பொருளில் அறிவுரை சொன்னார். நமக்கு மூன்று ஆண்டு இல்லை, சில வாரங்கள்தான் இருக்கும். ஆகவே கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம்.

ஜேம்ஸ் ஸ்ப்ராட்லி 1979-இல் மானுடவியல் நேர்காணல் பற்றி எழுதியபோது கேள்விகளை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் புதியவருக்கு இதைவிட நல்ல ஏணி கிடையாது. முதலில் விவரிக்கச் சொல்லும் கேள்வி: 'நேத்து நீ இங்க வந்ததிலேர்ந்து கிளம்புற வரைக்கும் என்னென்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லு.' அந்தப் பதிலில் அவர்களுக்கே உரிய சொற்கள் வந்து விழும். அடுத்து வகை கேட்கும் கேள்வி: 'இங்க வர்றவங்கள்ல என்னென்ன மாதிரி ஆளுங்க இருக்காங்க?' பிறகு வேறுபாட்டைக் கேட்கும் கேள்வி: 'இவங்களுக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?'

திட்டத்தின் ஆவணத்தில் 'பயனாளிகள்' என்று ஒரே சொல் இருக்கும். பிள்ளைகளோ தங்களை நாலைந்து வகையாகப் பிரித்து வைத்திருப்பார்கள்: சான்றிதழுக்கு வருபவர்கள், சும்மா வருபவர்கள், வீட்டில் தள்ளிவிட்டு வருபவர்கள், பொறுப்பாளருக்குப் பிடித்தவர்கள். உள்ளிருப்பவரின் வகைப்பாடு, வெளியிலிருப்பவரின் வகைப்பாடு என்ற இந்தப் பிரிவுக்கு மொழியியலாளர் கென்னத் பைக் 1954-இல் எமிக், எடிக் என்று பெயர் கொடுத்தார். இரண்டும் எங்கே பொருந்தவில்லையோ அங்கே கோடு போடுங்கள்.

'ஏன்' என்ற சொல்லை முடிந்தவரை தவிருங்கள். 'ஏன் வரவில்லை' என்றால் அது விசாரணை, சாக்குத்தான் வரும். 'வராத நாள்ல என்ன பண்ணே' என்றால் கதை வரும்.

கூட்டமாகப் பேசினால் எல்லோருக்கும் தெரிந்த 'சரியான' கருத்து வரும், தனியாகப் பேசினால் வேறு வரும். இரண்டும் வேண்டும். பதின்வயதினர் விளையாட்டாகவும் பதில் சொல்வார்கள் என்பதை மறக்காதீர்கள். மானுடவியலாளர் மார்கரெட் மீட் பசிபிக் தீவான சமோவாவின் இளம்பெண்களைப் பற்றி 1928-இல் எழுதியதை, இன்னொரு மானுடவியலாளரான டெரிக் ஃப்ரீமன் 1983-இல் கடுமையாக மறுத்தார். அந்தப் பெண்கள் மீடிடம் கேலியாகச் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்பதும் பிற்பாடு ஃப்ரீமன் வைத்த வாதங்களில் ஒன்று. அந்த வாதத்தை ஏற்காதவர்கள் பலர், சர்ச்சை இன்னும் முழுதாக ஓயவில்லை. யார் பக்கம் சரி என்பது நமக்கு முக்கியமில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும், நீங்கள் கண்ணால் கண்டதோடும் ஒத்துப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

எத்தனை பேரிடம் பேசினால் போதும்? கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 60 நேர்காணல்களை அலசியபோது, புதிய கருத்துகள் பெரும்பாலும் முதல் 12-க்குள் வந்து முடிந்திருந்தன. ஓரளவு ஒரே மாதிரியானவர்களுக்குப் பொருந்தும் கணக்கு அது. வருபவர், நின்றவர், வராதவர் என்று மூன்று வகை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எண்ணுங்கள்.

வராதவர்கள்

பெரும்பாலான மதிப்பீடுகள் தவறவிடும் இடம் இது. காரணம் எளிது, வந்தவர்களைப் பிடிப்பது சுலபம்.

பழைய பதிவேட்டை எடுத்து, இரண்டு மூன்று முறை வந்து நின்றவர்களைப் பாருங்கள். வந்துகொண்டிருப்பவர்களிடம் 'உன்னோட சுத்துறவங்கள்ல யார் இங்க வர்றதில்ல' என்று கேட்டு, அந்த நண்பரிடம் அவர்களே அழைத்துப்போகச் சொல்லுங்கள். பிள்ளைகள் வேறு எங்கே கூடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அனுமதியோடு அங்கேயும் போய் நில்லுங்கள்.

மையத்தார் சொல்லும் காரணம் பெரும்பாலும் 'ஆர்வமில்லை' என்பதாக இருக்கும். நேரில் போனால் வேறு வேறு கதைகள் கிடைக்கும். ஐந்து மணிக்குத் தொடங்கும் வகுப்புக்கு ஆறு மணிவரை வேலை பார்ப்பவன் எப்படி வருவான்? தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண், தம்பியோடு வந்தால் உள்ளே விடுவார்களா என்று ஒரு முறை கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பியிருப்பாள். போகும் வழியில் இருக்கும் ஒரு குழுவுக்குப் பயந்து ஒருவன் வராமல் இருப்பான். 'அது படிக்கிற பசங்க இடம்' என்ற ஒரு வரி, பாஸ்டனின் தெருமுனையிலிருந்து நேராக வந்தது போல, யாரோ ஒருவர் வாயிலிருந்து வரும். அதை அப்படியே, சொல் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு வகை உண்டு. திட்டத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தும், வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்தவர்கள். அவர்களைத் திருத்தப் பார்க்காதீர்கள். ஆள் சேர்ப்பது உங்கள் வேலை இல்லை.

பிள்ளைகளையே ஆய்வாளர்களாக்குவது

ரோஜர் ஹார்ட் 1992-இல் யூனிசெஃப்புக்காக எழுதிய சிறு நூலில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். அடியில் உள்ள மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்றார்: ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்ப்பது. மதிப்பீட்டுக் குழுவில் 'இளையோர் பிரதிநிதி' என்று ஒருவரை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வது மூன்றாம் படியைத் தாண்டாது.

செய்யக்கூடியது: கேள்விகளை வடிக்கும்போதே இரண்டு மூன்று பேரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேமராவில் தங்கள் மாலைப்பொழுதைப் படமெடுத்து, அந்தப் படங்களை வைத்து அவர்களே பேசட்டும். கரோலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும் 1990-களில் சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களோடு வளர்த்தெடுத்த முறை இது. மற்றவர் முகம் வரும் படங்களுக்கு அவர்களிடமும் அனுமதி வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுங்கள்.

குறிப்பிலிருந்து கண்டுபிடிப்புக்கு

எல்லாக் குறிப்பையும் முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை படியுங்கள். திரும்பத் திரும்ப வருவதற்கு ஓரத்தில் ஒரு பெயர் வையுங்கள்: 'வாசல்', 'சான்றிதழ்', 'வீட்டு வேலை'. மென்பொருள் தேவையில்லை, வண்ணப் பென்சில் போதும். ஒரு முடிவுக்கு வந்ததும், அதைப் பொய்யாக்கும் குறிப்பு ஒன்று இருக்கிறதா என்று வேண்டுமென்றே தேடுங்கள். இருந்தால் மறைக்காதீர்கள், முடிவைத் திருத்துங்கள். விதிவிலக்கான அந்த ஒருவர்தான் பல நேரம் விதியை விளக்குகிறார்.

பிறகு எண்களிடம் திரும்பிப் போங்கள். இப்போது அவை வேறாகப் பேசும். ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்கத் தொடங்கினால் அந்த எண்ணே கெட்டுப்போகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970-களில் எச்சரித்தார். வருகை எண்ணிக்கையை வைத்து நிதி வரும் மையத்தில், மேற்பார்வையிட ஆள் வரும் நாளில் பிள்ளைகள் எப்படித் திரட்டப்படுகிறார்கள் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பணியாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதாதீர்கள். அவரும் ஒரு நெருக்கடிக்குள்தான் இருக்கிறார். அவருடைய அன்றாடமும் உங்கள் களத்தில் ஒரு பகுதி.

அறிக்கையும் அதற்குப் பிறகும்

நிதி தருபவருக்கு நாலு பக்கம், அதற்கு மேல் படிக்க மாட்டார்கள். முடிவு, அதற்கு ஆதாரமான ஒரு காட்சி, மாற்ற வேண்டியது என்ன என்ற வரிசையில் எழுதுங்கள். 'நேரத்தை ஏழு மணிக்கு மாற்றி ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள்' என்பது பரிந்துரை. 'இளையோரின் பங்களிப்பை வலுப்படுத்த வேண்டும்' என்பது வெறும் காற்று.

அனுப்புவதற்கு முன், பிள்ளைகளை உட்காரவைத்து அவர்கள் மொழியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'இடைநின்றவர்கள்' என்ற சொல்லைக் கேட்டதும் யாராவது ஒருவர், 'நான் நிக்கல, வேலைக்குப் போனேன்' என்பார். அந்தச் சொல்லை மாற்றுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாத, நீங்களும் விட்டுக்கொடுக்க முடியாத இடம் இருந்தால் இரண்டு தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தன் கதை அறிக்கையில் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அது எவ்வளவு அருமையான கதையாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்து, குறிப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பதாக ஒப்புதல் படிவத்தில் சொன்னீர்களோ அந்தக் காலமும் தீர்ந்ததும், வேறு இடத்தில் ஒளித்து வைத்திருந்த புனைபெயர்ப் பட்டியலை எடுத்துக் கிழித்துப் போட்டுவிடுங்கள். தொலைபேசியில் எடுத்த அதன் படத்தையும்.